கிராங்க் சென்சர் போயிட்டுது என்டு சொன்னா முதல்ல மீட்டர் வச்சுக் காட்டச் சொல்லுங்க

கொழும்புல பழைய நிசான் சன்னி எஃப்பி15 ஓடுற ஆக்கள் இதை ஒருக்கா வாசிங்க. கராஜ் பேர் போடல்ல, தெஹிவளைப் பக்கம், அவ்வளவுதான்.

போன மாசம் காலி வீதியில வெள்ளவத்தை தாண்டி வரக்குள்ள ஒரு குழியில டயர் விழுந்திச்சு, அந்த இடத்திலயே எஞ்சின் ஓஃப். பின்னால பஸ்காரன் ஹோர்ன் அடிச்சுக் கொல்றான், நான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறன், ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது, எஞ்சின் பத்துற மாதிரியே இல்ல. பத்து நிமிஷத்துல தானா ஸ்டார்ட் ஆகிச்சு. இப்பிடியே மூணு தரம், நாலாவது தரம் வீட்டு வாசல்லயே படுத்திட்டுது.

கராஜ் பாஸ் முதல்ல பெட்ரோல் பம்ப் என்டார், 14,000. ரெண்டு நாள்ல பழைய கதை. பிறகு ஸ்கேனர் போட்டு பி0335 என்ட பிழைக் கோட் வந்திருக்கு, கிராங்க் சென்சர் (எஞ்சின் சுத்துறதை எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்ற சாமான்) போயிட்டுது, பஞ்சிகாவத்தையில ஒரிஜினல் எடுத்துத் தாறன் என்டு பெட்டியையும் காட்டி 22,500 வாங்கினார். பழைய சென்சரைக் கேட்டன், குப்பையில போட்டாச்சாம். பில் வெறும் துண்டுக் கடதாசி. ஒரு கிழமை ஓடிச்சு, திரும்ப நின்டுட்டுது, இப்ப ஈசியூ, அதான் எஞ்சின் கம்ப்யூட்டர், போயிட்டுதாம், 65,000! அப்பதான் மச்சான் சத்தம் போட்டு கொட்டாஞ்சேனையில ஒரு வயரிங்கார ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவர் பொனட்டைத் தொட முதல் கேட்டது இதுதான்: "தம்பி, சூடேறினா நிக்குதா, குலுங்கினா நிக்குதா?" குலுங்கினா என்டன். சூடேறி நின்டு, ஆறின பிறகு ஸ்டார்ட் ஆனாத்தான் சென்சர்ல கூட சந்தேகம், குலுக்கத்துல நின்டா முதல்ல வயரைப் பார்க்கணும் என்டார். அதோட பி0335 என்டா கிராங்க் சென்சர் சர்க்கிட்ல பிழை என்டுதான் அர்த்தமாம், சென்சர் மட்டும் பழுது என்டு இல்ல, வயரும் பிளக்கும் அதுக்குள்ள சேர்த்தி. (இதை மூணு கிழமைக்கு முதல் ஒருத்தன் சொல்லியிருந்தா என்ட சல்லி தப்பியிருக்கும்.)

என்னை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லி அவர் ஸ்கேனரைப் பார்த்தார், எஞ்சின் சுத்துது, ஆர்பிஎம் பூச்சியத்துலயே நிக்குது. கிராங்க் சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போகல்ல, அதான் ஸ்பார்க் பிளக்ல நெருப்பும் வராது, இன்ஜெக்டரும் அடிக்காது. என்ட கார்ல இது மூணு வயர் சென்சர், ஹோல் டைப், கரண்ட் குடுத்தாத்தான் வேலை செய்யும். அதுக்கு மீட்டர்ல ஓம் (மின்தடை) வச்சுப் பார்த்து முடிவு சொல்லக் கூடாதாம், கரண்ட் வருதா, ஏர்த் இருக்கா, சிக்னல் துடிக்குதா என்டுதான் பார்க்கணும். ரெண்டு வயர் டைப் என்டாத்தான் ஓம் கணக்கு, பொதுவா சில நூறுல இருந்து ஆயிரம் சொச்சம் வரைக்கும் காட்டும், ஸ்டார்ட்டர் அடிக்கக்குள்ள ஏசி வோல்ட் வரணும்.

சுவிட்ச் ஓன் பண்ணி சென்சர் வயர் பிளக்ல பார்த்தார், 12 வோல்ட் இருக்கு. திரும்ப ஓஃப் பண்ணி ஏர்த் வயரைப் பார்த்தார், அதுவும் இருக்கு. பிறகு வயர்க் கட்டைப் பிடிச்சு மெதுவா ஆட்டினார், மீட்டர் ஓஎல் (தொடர்பு இல்ல) என்டு காட்டிச்சு, விட்டா வந்திச்சு, ஆட்டினா போச்சு. பிராக்கெட்ல உரசுற இடத்துல மேலால ஒன்டுமே தெரியல்ல, தோலை வெட்டிப் பார்த்தா உள்ளுக்க செம்பு பச்சை பிடிச்சு ஒரு இழையில தொங்குது. சோல்டர் பண்ணி, ஸ்லீவ் போட்டு, 3,000 ரூபா.

அதோட நிக்கல்ல. சென்சரைக் கழட்டி, பிளக்கைத் திரும்பக் குத்தி, சுவிட்சைப் போட்டு, பின்பக்கத்தால சிக்னல் வயருக்குள்ள ஒரு ஊசியை விட்டு, சென்சர் மூக்குக்கு முன்னால ஸ்பேனரை இப்பிடியும் அப்பிடியும் ஆட்டினார். மீட்டர் 5, 0, 5, 0 என்டு குதிச்சுது. சென்சர் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா கழட்டினதைக் கையில தந்து ஓ ரிங்கை (சென்சரைச் சுத்தியிருக்கிற ரப்பர் வளையம்) நகத்தால அமத்திப் பாருங்க தம்பி என்டார். தட்டையா, கல்லு மாதிரி, ஒரு ஓரம் உடைஞ்சு விழுந்திச்சு. போல்ட் ஓட்டையைச் சுத்தி பழைய துரு வளையம். மூணு கிழமைக்கு முதல் பெட்டியில வந்த புது சாமான் இது! என்ட பழைய சென்சரையே பெட்ரோல்ல கழுவிப் போட்டானோ, இன்னொருத்தன்ட காரில கழட்டினதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 அடிக்கலாம் என்டு மச்சான் சொல்றார், என்ட கையில இருக்கிறது தேதிகூட இல்லாத துண்டுக் கடதாசி. கராஜுக்குக் கோல் எடுத்தன். "வயர் அறுந்ததுக்கு நாங்க என்ன சேர் செய்யிறது" என்டார். அப்ப சென்சர் என்டு நான் வாயைத் திறக்க முதல் வச்சிட்டார்.