ஆன்லைன் எம்.பி.ஏ.வில் தலைமைத் திறன்: காணொலியா, கேஸா, எவரெஸ்ட்டா, ஐவர் குழுவா?

கணக்கியலை ஆன்லைனில் நடத்துவதில் பெரிய சங்கடம் இல்லை. ஐந்தொகை பொருந்தவில்லை என்றால் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். ஆனால், கூட்டத்தில் நீங்கள் அடுத்தவரைப் பேசவே விடவில்லை என்பதை அந்த அடுத்தவர்தான் சொல்ல வேண்டும். அதனால் தலைமைத் திறன் பாடம் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: மாணவர் தன் சக மாணவர்களோடு மல்லுக்கட்ட அதில் வழி இருக்கிறதா?

இந்தக் கேள்வியில் முதலில் அடிபடுவது, நம் கல்லூரிகள் அதிகம் நம்பியிருக்கும் காணொலிப் பாடத் திட்டமான என்பிடெல். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடத்தை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் ஆயிரம் ரூபாய் கட்டி, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். மதிப்பெண்ணில் 25 வாராந்திர அசைன்மென்ட்டுக்கு, 75 தேர்வுக்கு. கோட்பாடு தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. சிக்கல் வேறு இடத்தில். புதியவருக்குச் சொல்லிக்கொடு, தேர்ந்தவரிடம் பொறுப்பை விட்டுவிடு என்கிற ‘சூழ்நிலைத் தலைமை’ பற்றிய கேள்விக்குச் சரியான விடையை டிக் அடித்த அதே மாணவர், குழு புராஜெக்ட் வந்தால் யாரையும் நம்பாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மொத்த பிபிடியையும் தானே செய்வார். இரண்டுக்கும் முடிச்சுப் போட அந்தப் பாடத்தில் ஆள் இல்லை.

ஒரு நிறுவனத்தில் நடந்த சிக்கலைக் கொடுத்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அலச வைக்கும் கேஸ் முறை ஒரு படி மேல். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2014-இல் எச்பிஎக்ஸ் என்ற பெயரில் ஆன்லைனுக்கு வந்தது. இப்போது அதன் பெயர் எச்பிஎஸ் ஆன்லைன். பாடத்தின் நடுவே திடீரென்று ஒரு கேள்வி வந்து நிற்கும், கொடுத்த நேரத்துக்குள் பதிலைத் தட்ட வேண்டும். மற்றவர்கள் எழுதியதையும் படிக்கலாம். அடுத்த ஆண்டே பாஸ்டனில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில், 60 பேர் முகம் தெரியும் திரைச்சுவர் கொண்ட நேரலை வகுப்பறையையும் கட்டினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டணம் ஒரு பாடத்துக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். அதோடு, கேஸில் வரும் தலைவர் எப்போதும் வேறு யாரோ ஒருவர். அவர் செய்த தவறை அலசுவது சுலபம்.

கம்ப்யூட்டரில் மலையேறும் விளையாட்டான எவரெஸ்ட் சிமுலேஷனில் அந்த வசதி கிடையாது. மேலாண்மைப் பேராசிரியர்கள் மைக்கேல் ராபர்ட்டோவும் ஏமி எட்மண்ட்சனும் உருவாக்கிய இந்தப் பயிற்சியில் ஐந்து பேர் ஒரு குழு: தலைவர், மருத்துவர், புகைப்படக்காரர், மாரத்தான் ஓட்டக்காரர், சுற்றுச்சூழல் ஆர்வலர். மலையேற்றம் ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த முகாமுக்குப் போவதா, இருந்த இடத்திலேயே தங்குவதா என்று முடிவு எடுக்க வேண்டும். ஒருவர் திரையில் தெரியும் சில தகவல்கள் மற்றவர் திரையில் தெரியாது. இலக்குகளும் ஒன்றோடொன்று இடிக்கும்: ஒருவருக்கு உச்சியைத் தொட்டே ஆக வேண்டும், இன்னொருவருக்கு வழியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும். வானிலை, ஒருவரது உடல்நிலை, ஆக்சிஜன் கணக்கு என்று வரும் புதிர்களுக்கான துண்டுகள் ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும். தலைவர் கேட்டால்தான் வெளியே வரும். அவசரக்காரர் தலைவரானால், மருத்துவர் கையில் இருந்த முக்கியமான தகவல் கடைசிவரை அங்கேயே கிடக்கும். இறுதியில், அவரவர் இலக்கில் எத்தனை சதவீதம் எட்டினார்கள் என்று திரையில் வந்துவிடும். சாக்குச் சொல்ல இடமில்லை.

இது நேர்வகுப்பைவிட ஆன்லைனில் ஒரு வகையில் நன்றாகவே நடக்கும் என்பது என் கணிப்பு. வகுப்பறையில் பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்துவிடலாம். வீட்டிலிருந்து ஆடும்போது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அரட்டைப் பெட்டியில் பேசியிருந்தால் யார் யாரைக் கேட்டார்கள் என்பதற்குச் சாட்சியும் இருக்கும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அதை வைத்துக் குழுவோடு பேச ஆசிரியர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் உரிமத்துக்குக் கட்டிய காசு வெறும் வீடியோ கேமுக்குப் போனதுதான்.

அப்புறம், அதிகம் பேர் கண்டுகொள்ளாத ஒன்று: அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.டி.யின் ஓட்டோ ஷார்மர் 2015-இல் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் தொடங்கிய யூ-லேப் என்னும் பாடம். அதில் ஏறக்குறைய ஐந்து பேர் கொண்ட குழு, வீடியோ அழைப்பில் சுமார் 70 நிமிடம் கூடும். ஒருவர் தன் வேலையில் இப்போது தீராமல் இருக்கும் பிரச்சினையைச் சொல்வார். கேட்டவர்கள் உடனே அறிவுரைக்குப் பாயக் கூடாது. கொஞ்ச நேரம் மௌனம், பிறகு கேட்டபோது தமக்கு என்ன தோன்றியது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். தீர்வைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். ‘நான் என்ன சொல்றேன்னா…’ என்று ஆரம்பிக்கும் வாயை அடக்குவதே பாதிப் பயிற்சி. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். டிகிரி முடித்த கையோடு வந்தவர்களிடம் சொல்லப் பிரச்சினை இருக்காது; இன்டர்ன்ஷிப் முடியும்வரை பொறுக்கலாம்.

பணம் இழுபறியாக இருக்கும் கல்லூரிக்கு என் பரிந்துரை: கோட்பாட்டுக்கு என்பிடெல், பயிற்சிக்கு மாதம் இருமுறை யூ-லேப் பாணி ஐவர் குழு. கையில் காசும் பேச்சை நடத்தத் தெரிந்த ஆசிரியரும் இருந்தால், செமஸ்டரின் தொடக்கத்திலேயே ஒரு எவரெஸ்ட். கடைசி வாரத்தில் வைத்தால், அதில் தெரிந்த குறையைத் திருத்திக்கொள்ள அந்தப் பருவத்தில் நாள் மிஞ்சாது. குழுச் சந்திப்புக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். போட்டால், மதிப்பெண்ணுக்கு ஏற்ற மாதிரி பிரச்சினையைத் தயார் செய்துகொண்டு வந்துவிடுவார்கள்.