இமாட்டினிப், பொனாட்டினிப்: எதற்கு எது?

இரண்டுமே நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரைகள். ‘பெருகு’ என்று செல்லுக்கு ஓயாமல் சமிக்ஞை தரும் பிசிஆர்-ஏபிஎல் புரதத்தை அடக்குவதே இரண்டின் வேலையும்.

2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் கிட் என்ற கைனேஸையும் (பிசிஆர்-ஏபிஎல் போலவே சமிக்ஞை கடத்தும் நொதி) தடுக்கும். அது நல்லதாகவே முடிந்தது: ஒருவகை இரைப்பை-குடல் கட்டிக்கும் மருந்தானது. வீக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு வரலாம், பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆனால் டி315ஐ என்ற மரபணு மாற்றம் வந்தால் இமாட்டினிப் கைவிரித்துவிடும்.

பொனாட்டினிப் அந்த மாற்றத்தையும் வெல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. சிக்கல் இங்கேதான். கைனேஸ்களில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) அமரும் குழிகள் ஒரே ஊர்ப் பூட்டுகள் மாதிரி. ஒன்றுக்குச் செய்த சாவி பலவற்றைத் திறக்கும். ரத்தக்குழாய்களுக்குத் தேவையான விஇஜிஎஃப் ஏற்பிகளையும் பொனாட்டினிப் தடுக்கிறது. 2012 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. மாரடைப்பு, பக்கவாதம், கால் தமனி அடைப்பு என்று வரவே, 2013 அக்டோபரில் அமெரிக்க விற்பனை நிறுத்தப்பட்டது. அப்புறம் கடும் எச்சரிக்கைகளோடு திரும்பியது. இப்போது நாள்பட்ட நிலையில் 45 மில்லிகிராமில் தொடங்கி, நோய் போதிய அளவு அடங்கியதும் 15 ஆகக் குறைக்கிறார்கள்.

சரி, எது மேல்? முதல் மருந்தாக இமாட்டினிப்தான். டி315ஐ இருந்தால் பொனாட்டினிப்; ஆனால் இதய நோய் உள்ளவருக்கு, வேறு குழியில் ஒட்டும் அசிமினிப் என்ற மருந்தையும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.