ராம்நாட்டில் ஆர்சி ட்ரக்கை 'ஜம்ப் செட்டிங்'குக்குக் கொடுக்கும் முன்

ராமநாதபுரத்தில் ஆர்சி வண்டி, அதாவது ரிமோட்டில் ஓடும் சிறு மாதிரி வண்டி, பழுது பார்க்கும் ஒரு கடையில் 'ஜம்ப் செட்டிங்' (குதித்து இறங்குவதற்கு ஏற்ப ஷாக்கைச் சரிசெய்வது) என்று 2,800 ரூபாய் வாங்குகிறார்கள். பில்லில் எழுதித் தருவது: நாலு ஷாக்கும் (அதிர்வு தாங்கிகள்) முழு ரீபில்ட், 40 வெயிட் சிலிக்கான் ஆயில் (வெயிட் என்பது ஆயிலின் கெட்டித்தன்மை எண்), புது ஓ-ரிங் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்). அங்கே போய் வந்த 1/10 அளவு ஃபோர் வீல் டிரைவ் ட்ரக் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாயிற்று. பில்லில் இருந்த மூன்றில் ஒன்றுகூட வண்டியில் இல்லை.

மேஜைமேல் வைத்து, "அமுக்கிப் பாருங்கண்ணே, எப்படி டைட்டா இருக்கு" என்பார்கள். டைட்டாகத்தான் இருக்கும். ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் வளையத்தைக் கடைசி மரைவரை இறக்கிவிட்டால் எந்தச் செத்த ஷாக்கும் கைக்கு டைட்டாகத் தெரியும். அது ப்ரீலோட். வண்டியை உயர்த்தி நிறுத்தும், அவ்வளவுதான். குதித்து இறங்கும்போது அடியை விழுங்குவது உள்ளே இருக்கிற ஆயிலும் பிஸ்டன் துளையும். அதனால் அமுங்குவதைப் பார்க்காதீர்கள், திரும்பி எழுவதைப் பாருங்கள். ஆயில் வேலை செய்தால் நிதானமாக எழுந்து, ஒரே தடவையில் நிற்கும். 'டப்'பென்று மேலே வந்து ஆடினால் ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கிறது.

மூடியைத் திறந்ததும் வந்தது தேன் நிறத்தில், பைக் பட்டறை வாடையோடு ஒரு திரவம். சிலிக்கான் ஆயிலுக்கு வாடை கிடையாது. சில பிராண்டில் சாயம் சேர்ப்பார்கள், மற்றபடி தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். அந்த ஆயிலும் குழாயில் முக்கால்தான். மூடிக்குக் கீழே இருக்க வேண்டிய ரப்பர் கிண்ணத்தையே காணோம். ஓ-ரிங் பழையது, ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருந்தது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது முன் ஷாக்குகள்: இடப்பக்கம் இரண்டு துளை பிஸ்டன், வலப்பக்கம் மூன்று துளை. எந்த வண்டியிலிருந்து எடுத்துப் போட்டார்களோ!

இதன் பலன் களத்தில் தெரிந்தது. மண்டபம் பக்கத்து மணல் மேட்டிலிருந்து இறங்கும்போது மூக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக இழுத்தது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் அமுங்காவிட்டால் அப்படித்தான். ஆயிலில் காற்று கலந்ததால் முதல் பாதி அமுக்கத்துக்குத் தடையே இல்லை, பிறகு திடீரென்று பிடித்தது. மினரல் ஆயில் உச்சி வெயிலில் சிலிக்கானைவிட வெகுவாக இளகும், காலையில் இருந்த செட்டிங் மதியம் இருக்காது. ப்ரீலோட் ஏற்றி வைத்ததில் சக்கரம் ஏற்கெனவே முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் இறங்க மிச்சமில்லை. காய்ந்த உப்பளத் தரையில் சக்கரம் தரையைத் தொடாமலே துள்ளியது.

சரியாகச் செய்ய ஒவ்வொரு வெயிட்டிலும் 60 மில்லி பாட்டில் ஒன்று தாராளம். ஆரம்பத்துக்கு முன்னே 40, பின்னே 35 வெயிட். வெயிட் எண் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும், ஆகவே சிஎஸ்டி (சென்டிஸ்டோக், பாகுத்தன்மையின் அலகு) எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது. 40 வெயிட் என்பது சுமார் 500. ஷாக்கின் ஷாஃப்டை (பிஸ்டன் கம்பியை) முழுக்கக் கீழே இழுத்து, விளிம்புவரை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். குமிழி நிற்கும்வரை பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். அவசரப்பட்டு மூடினால் உள்ளே 'சளக் சளக்' சத்தம் கேட்கும். மூடிய பின் ஷாஃப்டை முழுக்க உள்ளே தள்ளி விட்டுப் பாருங்கள். இடமும் வலமும் ஒரே அளவு வெளியே வர வேண்டும்.

பேட்டரியோடு வண்டியை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சமமாக விடுங்கள். அடித்தட்டு தரையை லேசாகத் தொட்டு எழுந்து நின்றுவிட வேண்டும். பலமாக அடித்தாலோ எழுந்து துள்ளினாலோ ஆயில் மெலிது. சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகள் அமுங்காமல் வண்டியே மொத்தமாக எகிறினால் ஆயில் கெட்டி, அல்லது துளை சிறிது. ப்ரீலோட் கடைசியில்தான்: அமுக்கி விட்டால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் தரைக்கு இணையாக நிற்கும் அளவு போதும்.

ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஷாஃப்டைத் துடையுங்கள். உப்புக் காற்றில் இ-கிளிப்பும் (பாகங்களைப் பிடித்து நிறுத்தும் சிறு உலோகக் கொக்கி) பேரிங்கும் சீக்கிரம் துருப் பிடிக்கும். ஷாஃப்டில் ஸ்ப்ரே ஆயில் மட்டும் அடிக்காதீர்கள். மணல் ஒட்டி உப்புத்தாள் போலத் தேய்த்து ஓ-ரிங்கைத் தின்றுவிடும்.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால், காசு தரும் முன் ஒரு ஷாக்கின் கீழ் முனையைக் கழற்றச் சொல்லி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஷாஃப்டை விரலால் தள்ளிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பழைய ஓ-ரிங்குகளைக் கவரில் போட்டுக் கேளுங்கள். இந்த ட்ரக்கின் பழைய ஓ-ரிங்கைக் கேட்டதற்குக் கடையில் "குப்பையில போட்டாச்சு" என்றார்கள், பிறகு 500 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். கடைக்காரர் தலைக்குப் பின்னால் அலமாரியில் 40 வெயிட் பாட்டில் இருந்தது, சீல் உடைக்காமல்.