“525 எக்ஸ்” என்று போட்ட டெலஸ்கோப் பெட்டியை வாங்காதீர்கள்

நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கம் பிள்ளைகளுக்கு முதல் டெலஸ்கோப் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்குச் சனிக்கோளின் வளையத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அதை வைத்து எங்களிடம் 9,500 ரூபாய் கறந்துவிட்டார்கள். புகார் நடக்கிறது, அதனால் கடைப் பெயர் வேண்டாம்.

வாங்கிய டெலஸ்கோப்பில் ஒளியைச் சேர்க்கும் கண்ணாடி 76 மி.மீ. அகலம்; அது ஒளியைக் குவிக்கும் தூரம், அதாவது குவியத் தொலைவு, 700 மி.மீ. “அண்ணாச்சி, 525 மடங்குல்லா! வளையத்துக்கு நடுவுல இருக்க இடைவெளியே தெரியும்” என்றார் கடைக்காரர். மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு செல்போன் டவரைக் காட்டினார். தலைகீழாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. அப்போது மாட்டியிருந்தது 20 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), அது வெறும் 35 மடங்கு. அதைச் சொல்லவில்லை. எஸ்டிமேட் சீட்டை நீட்டியவரிடம் ஜிஎஸ்டி பில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

அந்த 525 எப்படி வருகிறது தெரியுமா? 700ஐ 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175. அதோடு, பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸைச் செருகினால் 525. கணக்கு சரிதான். ஆனால் டெலஸ்கோப் எவ்வளவு தாங்கும் என்பது அதன் வாய் அகலத்தைப் பொறுத்தது, ஒரு மி.மீ.க்கு இரண்டு மடங்கு என்பது பொதுவான வரம்பு. 76 மி.மீ.க்குச் சுமார் 150. அதற்கு மேலே போனால் மங்கல்தான் பெரிதாகும்.

அந்த 150ஐக்கூடப் பார்க்கவிடாதது மவுண்ட், அதாவது குழாயைத் தாங்கும் அமைப்பு. மெல்லிய தகரக் கால்கள், மேலே ஒரு கவைக்கு நடுவில் குழாய். ஃபோகஸ் திருகைத் தொட்டாலே சனி இங்குமங்கும் துள்ளுகிறது. சரி, பிடித்தாயிற்று என்று கையை எடுத்தால் குழாய் தலை தாழ்கிறது, கோள் போய்விடுகிறது. 525 மடங்கில் பூமி சுழலும் வேகத்துக்கே கோள் கால் நிமிஷத்தில் பார்வையை விட்டு ஓடிவிடும். வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் ஆனி, ஆடிக் காற்றில் இந்த முக்காலி என்ன பாடுபடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். “மாமா, எனக்குத்தான் பார்க்கத் தெரியலையா?” என்று அவள் கேட்டபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது.

பணம் போனதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பெட்டிக்குள் ஒரு சின்ன டப்பாவில், “சன்” என்று எழுதிய கரும்பச்சைக் கண்ணாடி இருந்தது. ஐபீஸின் அடியில் திருகிக்கொண்டு சூரியனைப் பார்க்கலாமாம். குழாய்க்குள் விழும் வெயில் எல்லாம் குவிந்து வந்து சேருவதே அந்த இடத்துக்கு அருகில்தான். சூடேறி கண்ணாடி விரிசல் விட்டால், கண்ணை எடுக்க நேரம் இருக்காது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. கருகிய பிறகுதான் தெரியும். சூரிய வடிகட்டி என்பது குழாயின் முன்வாயை முழுதாக மூடுவதாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இப்படி ஒரு பெட்டி இருந்தால், இன்றைக்கே அந்தப் பச்சைக் கண்ணாடியைப் பிள்ளைகள் கையில் படாமல் எடுத்துவிடுங்கள். நான் அதை உடைக்காமல் பூட்டி வைத்திருப்பது ஆதாரத்துக்காக மட்டுமே.

திருப்பிக் கொடுக்கப் போனால், “பெட்டி பிரிச்சாச்சே அண்ணாச்சி” என்றார். அப்புறம் இன்னும் எட்டாயிரம் போட்டால் 127 மி.மீ. டெலஸ்கோப்பை, வானம் சுழல்வதோடு திரும்பும் ஈக்வட்டோரியல் மவுண்ட்டோடு தருவதாகச் சொன்னார். குவியத் தொலைவு 1000 மி.மீ. என்று எழுதியிருக்கிறது, குழாயோ அரை மீட்டர்தான். ஐபீஸ் மாட்டும் குழலுக்குள் ஒரு லென்ஸை வைத்துக் குவியத் தொலைவை நீட்டிக் காட்டும் வகை அது. விலை குறைந்தவற்றில் பிம்பம் கூர்மையாக நிற்காது, கண்ணாடிகளை நேர்ப்படுத்துவதும் பெரும்பாடு. மவுண்ட்டும் நம் ஊருக்குத் தோதில்லை. ஈக்வட்டோரியலின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். நெல்லையில் அது அடிவானத்திலிருந்து சுமார் 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். பனைமரமோ பக்கத்து வீடோ மறைத்துவிடும். அவ்வளவு தாழ்த்தினால் பல மவுண்ட்களில் எதிர் எடைக் கம்பி முக்காலிக் காலில் இடிக்கும்.

கையில் பணம் இருந்தால் 130 அல்லது 150 மி.மீ. டாப்சோனியன் வாங்குங்கள். பலகைப் பெட்டிமேல் குழாய் உட்கார்ந்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் வழுக்கிக்கொண்டு திரும்பும், அவ்வளவுதான். ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்த ஜான் டாப்சன் 1960களில் சான்பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் பரப்பிய அமைப்பு. பத்தாயிரத்துக்குள் என்றால் நல்ல 10 × 50 (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் போதும். வியாழனின் நான்கு நிலவுகளும் கார்த்திகைக் கூட்டமும் தெரியும். நாங்குநேரிப் பக்கம் இருட்டான இடத்தில் சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே திருப்பினால் ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்தும் கிடைக்கும். வடநாட்டுக்காரர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும், நமக்கு நன்றாக உயர்ந்து நிற்கும்.

பில்லில் வேறு கெடு போடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பது 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் மசியாவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இதே பெட்டியை வாங்கியவர்கள் பில்லையும் பெட்டியின் அட்டையையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்; சேர்ந்து புகார் கொடுக்கலாம்.