வில்லியம்ஸ்பர்க் போகிறவர்கள் கவனத்துக்கு: பாதி விலை டிக்கெட் மேசை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க், ஜேம்ஸ்டவுன், யார்க்டவுன் என்ற பழைய வரலாற்று ஊர்கள் மூன்றையும் ஒரே வார இறுதியில் பார்க்கக் கிளம்பும் நம்மவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஹோட்டல் லாபியிலோ கடைத்தெரு வாசலிலோதான். சுற்றுலாத் தகவல் மையம் மாதிரி ஒரு மேசை போட்டிருப்பார்கள். வரைபடம், கூப்பன் புத்தகம், பாதி விலையில் நுழைவுச் சீட்டு என்று எல்லாம் இருக்கும். ஆனால் அது டைம்ஷேர், அதாவது விடுதி அறையில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை, விற்பவர்கள் ஆள்பிடிக்கும் இடம்.

எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். அடுத்து, கல்யாணம் ஆகிவிட்டதா, வருட வருமானம் எவ்வளவு? டிக்கெட் விற்கிறவருக்கு உங்கள் சம்பளம் எதற்கு! அந்தக் கேள்வி வந்ததுமே நகர்ந்துவிடுங்கள். நின்றால் கிரெடிட் கார்டில் முன்பணம் பிடித்துக்கொண்டு, மறுநாள் காலை "90 நிமிட" விளக்கக் கூட்டத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். கணவன், மனைவி இருவரும் வர வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் டிக்கெட் கிடையாது, முன்பணமும் போச்சு.

முதல் ஆள் அறைகளைச் சுற்றிக் காட்டுவார். வேண்டாம் என்றால் "மேனேஜர்" வந்து உட்காருவார். முதலில் எழுதிய விலையை உங்கள் கண்ணெதிரே அடித்துவிட்டுக் குறைத்து எழுதுவார். அதற்கும் மசியாவிட்டால் மூன்றாவது ஆள், இன்னும் சின்ன பேக்கேஜ், "இன்னிக்கு மட்டும்தான்." அதற்குள் மதியமாகிவிடும், பிள்ளைகள் பசியில் அழும். இழுத்தடிப்பதே அதற்காகத்தான், களைத்தவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் காகிதத்தில் மாதத் தவணை பெரிதாக இருக்கும், வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் ஓரமாக இருக்கும். கடன் அடைந்த பிறகும் அதைக் கட்டவேண்டும், அதுவும் ஏறிக்கொண்டே போகும். திரும்ப விற்கப் போனால் பெரும்பாலும் பேருக்குக்கூட விலை வராது.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? வர்ஜீனியா சட்டப்படி ஒப்பந்தத் தேதியிலிருந்து 7 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். போனில் சொன்னால் செல்லாது. ஒப்பந்த எண்ணைக் குறிப்பிட்டு, வாங்கியவர் எல்லோரும் கையெழுத்திட்ட கடிதத்தை, ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குச் சான்றளித்த தபாலில், பெற்றதற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். தபால் ரசீது பத்திரம். "யோசிங்க, அடுத்த வாரம் பேசலாம்" என்று அவர்கள் போன் செய்வது அந்த 7 நாளைக் கடத்தத்தான்.

இத்தனைக்கும், அந்த டிக்கெட் இல்லாமலே நிறைய பார்க்கலாம். வில்லியம்ஸ்பர்க்கின் டியூக் ஆஃப் குளோஸ்டர் தெரு பொதுத் தெரு, நடக்கக் காசு வேண்டாம். ஆளுநர் மாளிகை, கேபிடல் என்ற பழைய சட்டமன்றக் கட்டடம், கொல்லன் பட்டறை போன்றவற்றுக்குள் நுழையத்தான் சீட்டு. அதை அதிகாரபூர்வ விசிட்டர் சென்டரிலோ அவர்கள் இணையதளத்திலோ வாங்குங்கள்.

கூப்பனில் "ஜேம்ஸ்டவுன்" என்று மட்டும் இருந்தால் எந்த ஜேம்ஸ்டவுன் என்று கேளுங்கள். 1607-ல் ஆங்கிலேயக் குடியேறிகள் கட்டிய கோட்டையின் அசல் இடம் ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன், அகழாய்வு நடக்குமிடம். அவர்கள் வந்த மூன்று கப்பல்களின் மாதிரிகள் நிற்பது பக்கத்திலுள்ள ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட், மாநில அருங்காட்சியகம். ஒன்றின் சீட்டு மற்றதில் செல்லாது. தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் வைத்திருந்தாலும் அசல் இடத்தில் தனியாக இன்னொரு கட்டணம் உண்டு. யார்க்டவுன் போர்க்களத்துக்கு அந்த பாஸ் போதும். 1781-ல் அமெரிக்க விடுதலைப் போரில் அங்கே தோற்ற பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் சிலை நம் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்று ஊரையும் இணைக்கும் 23 மைல் கலோனியல் பார்க்வே சாலைக்குச் சுங்கம் இல்லை. வழியில் பெட்ரோல் பங்க்கும் இல்லை, முன்னாடியே நிரப்பிக்கொள்ளுங்கள்.