ஸ்கை கேப்டனா, ராக்கெட்டியரா?

1930களின் கடைசி வருடங்கள். வானத்தில் பறக்கும் நாயகன், உலகை மிரட்டும் வில்லன், நாயகனோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும் காதலி. 1991இல் வந்த 'த ராக்கெட்டியர்', 2004இல் வந்த 'ஸ்கை கேப்டன் அண்ட் த வேர்ல்ட் ஆஃப் டுமாரோ' இரண்டுக்கும் சரக்கு ஒன்றுதான். தியேட்டரில் இரண்டுமே எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

கண்ணுக்கு விருந்து என்றால் போட்டியே கிடையாது, ஸ்கை கேப்டன்தான். பனி கொட்டும் இரவில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சிக்கு ராட்சத வான்கப்பல் ஒன்று வந்து சேர்கிறது. கொஞ்ச நேரத்தில் நியூயார்க் தெருக்களில் இரும்பு ரோபோக்கள் அணிவகுத்து நடக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் பூசியதுபோல ஒரு நிறம், ஓரங்களில் கரையும் வெளிச்சம். இயக்குநர் கெரி கான்ரன் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான்கு வருடம் உழைத்து ஆறு நிமிடப் படம் ஒன்றைச் செய்தார். அதுதான் அவருக்கு இந்த வாய்ப்பை வாங்கித் தந்தது. நடிகர்கள் நீலத்திரை முன்னால் நடிக்க, சுற்றியுள்ள உலகம் அப்புறம் கம்ப்யூட்டரில் சேர்ந்தது. அந்த உழைப்புக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கை தட்டுவேன்.

சிக்கல் ஆட்களிடம்தான். ஜூட் லாவின் ஜோவும் கினெத் பால்ட்ரோவின் பாலியும் பழைய காதலர்கள். என் விமானத்தைக் கெடுத்தாயா என்று அவனும், இன்னொருத்தியோடு பழகினாயா என்று அவளும் படம் முழுக்க நச்சரிக்கிறார்கள். கதை உலகத்தையே சுற்றி வந்தாலும் அந்தச் சண்டை மட்டும் தொடங்கிய இடத்தைவிட்டு நகரவில்லை. ஜோவுக்கு எதை இழந்தால் வலிக்கும் என்று கடைசிவரை தெரியவில்லை. நீலத்திரை முன்னால் நடித்தால் இப்படித்தான் வரும் என்பவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். அதே திரை முன்னால்தான் ஏஞ்சலினா ஜோலியும் ஒற்றைக்கண் பட்டையோடு சில நிமிடங்கள் வந்து படத்தையே தூக்கி நிறுத்துகிறார். குறை எழுத்தில் இருக்கிறது.

ராக்கெட்டியரில் பில்லி கேம்ப்பெல் நடித்த கிளிஃப், லாஸ் ஏஞ்சலஸில் பந்தய விமானம் ஓட்டுபவன். படம் தொடங்கியதுமே விமானம் நொறுங்கிப் போகிறது. முதுகில் கட்டிப் பறக்கும் ராக்கெட் கைக்கு வந்ததும் இதை வைத்துக் காசு பார்க்கலாமா என்றுதான் நினைக்கிறான். விபத்தைக் காதலியிடம் மறைக்கிறான், அது நண்பர்கள் வாயால் வெளியே வந்து மாட்டிக்கொள்கிறான். இந்த ஒரு காட்சியிலேயே அவன் எப்படிப்பட்டவன் என்று புரிந்துவிடுகிறது. ஜெனிஃபர் கானலியின் ஜென்னியும் ஏமாளி இல்லை. டிமோத்தி டால்டன் நடித்த வில்லன் ஒரு சினிமா நட்சத்திரம். அவன் காதல் வசனம் பேசும்போது, அது எந்தப் படத்தில் அவன் பேசியது என்று கண்டுபிடித்துவிடுகிறாள்.

இரண்டு படத்திலும் ஒரு சின்னப் பொருள் கடைசிவரை கூடவே வருகிறது. அதை ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரியும். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். பாலியின் கேமராவில் இரண்டு படம் எடுக்கத்தான் ஃபிலிம் மிச்சம். அவள் பொத்திப் பொத்தி வைத்ததில் ஒன்று கைதவறி வீணாகிறது. கடைசி ஒன்றை, எதிரே இருக்கும் அதிசயத்தை விட்டுவிட்டு ஜோவை நோக்கித் திருப்புகிறாள். லென்ஸ் மூடியைத்தான் கழற்றவில்லை. அழகான நகைச்சுவைதான், ஆனால் பாலி நமக்கு ஒரு மனுஷியாகத் தெரிவது அந்த நொடியில்தான். அதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

கிளிஃபிடம் இருப்பது மென்று துப்பும் சூயிங்கம். ராக்கெட்டில் குண்டு துளைத்த ஓட்டையை அதை வைத்துத்தான் அடைக்கிறார்கள். உச்சக்கட்டத்தில் வில்லன் ராக்கெட்டைக் கேட்கிறான். கிளிஃப் கழற்றிக் கொடுக்கிறான், கொடுப்பதற்கு முன்னால் அந்த சூயிங்கத்தை மெதுவாகப் பிய்த்துவிடுகிறான்.

ஸ்கை கேப்டனின் முதல் அரை மணி நேரத்தைக் கிடைப்பதிலேயே பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். முழுப் படமாக உட்கார்ந்து பார்க்க நான் ராக்கெட்டியரைத்தான் கையில் கொடுப்பேன்.