டேவிட் பிளாட்: பார்வையாளர் கண்முன் வளர்ந்த வேடம்

1960 முதல் பிரிட்டனின் ஐடிவியில் ஒளிபரப்பாகிவரும் ‘காரனேஷன் ஸ்ட்ரீட்’ நெடுந்தொடரில், டேவிட் பிளாட் வேடத்தை 2000ஆம் ஆண்டு சிறுவனாக ஏற்ற ஜாக் பி. ஷெப்பர்ட், அதே வேடத்திலேயே வளர்ந்து ஆளாகியிருக்கிறார். 2003இல் மாற்றாந்தந்தை ரிச்சர்ட் ஹில்மன் குடும்பத்தையே காரோடு கால்வாய்க்குள் செலுத்துகிறார். 2007இல், அக்காவின் திருமண நாளன்று, டேவிட் தானே காரைத் தண்ணீருக்குள் இறக்குகிறான். பழைய காயம் எங்கே போய் நிற்கும் என்பதை வசனமே இல்லாமல் காட்டிய இந்த இணைப்பு, தொடர்கதை எழுத்தில் அபூர்வமானது. அடுத்த ஆண்டு தாய் கெயிலை மாடிப்படியில் தள்ளிவிடும் டேவிட்டை வெறும் வில்லனாக ஒதுக்கிவிட முடியாதபடி, ஏளனப் புன்னகைக்குப் பின்னே பயத்தையும் வைத்து நடித்திருக்கிறார் ஷெப்பர்ட்.

மனைவி கைலி 2016இல் கொல்லப்பட்ட பிறகு, பெட்ரோல் ஏற்றிய காருடன் பழிவாங்கக் கிளம்பும் பகுதி மிகை; நெடுந்தொடர்களுக்கு இந்த நோய் எங்கும் உண்டு. ஆனால் 2018இல், நண்பன் என நம்பியவனே மயக்கமருந்து கொடுத்துப் பாலியல் வன்கொடுமை செய்ததை வீட்டாரிடம் சொல்ல இயலாமல் டேவிட் புழுங்கும் வாரங்களில், எழுத்தும் நடிப்பும் அவசரப்படவில்லை. பழைய அத்தியாயங்களைப் பார்க்காதவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.